பட்டாணி வீட்டின் முதல் பார்வையாளர்

ஜனவரி 12

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று இலக்கணப் புத்தகத்தில் தேடினேன். விடுமுறை விண்ணப்பமும், தெருவிளக்கு எரியவில்லை என்ற புகாரும்தான் இருக்கின்றன. ஆறு வருஷமாகப் பேசாத சித்திக்கு எழுதுவது எப்படி என்று அதில் இல்லை.

உங்கள் விலாசம் பரண்மேல் ஒரு பார்சல் பெட்டியில் கிடைத்தது. நீங்கள் எனக்கு மழைக்கோட்டு அனுப்பிய பெட்டி. போனில் அனுப்பாமல் ஏன் காகிதம் என்று கேட்பீர்கள். என் போன் அம்மாவின் பழைய போன். அதில் நான் எதைத் தட்டினாலும் அம்மாவின் போனிலும் வந்து நிற்கும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. யாராவது எடுத்தாலும் என் கையெழுத்து யாருக்கும் புரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா 'பட்டாணி வீடு' என்று ஒரு சேனல் நடத்துவது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டாணி நான்தான். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து அதில் இருக்கிறேன். முதல் பல் விழுந்தது, முதல் தடவை சைக்கிளிலிருந்து விழுந்தது என்று நான் விழுந்த எல்லாமே அதில் இருக்கிறது. ஆறு வயதில் வகுப்பில் தூங்கும்போது பாவாடையை நனைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். "என்னாச்சு கண்ணு, அம்மாகிட்ட சொல்லு"ன்னு அம்மா கேட்டாள். சொன்னேன். அம்மாவிடம் மட்டும் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். நாலு லட்சம் பேரிடம் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த அழுகிற முகத்தை வெட்டி யாரோ போனில் அனுப்புகிற ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். பஸ் வரவில்லை என்றால் என் அழுகை. பரீட்சை தள்ளிப் போகவில்லை என்றாலும் என் அழுகை. எங்கள் வகுப்புக் குழுவிலேயே நான் தினமும் நாலைந்து தடவை அழுகிறேன்.

ஜூனில் புதுப் பள்ளிக்கூடம் போகிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அதற்குள் வீடியோ எல்லாவற்றையும் அம்மா எடுத்துவிட வேண்டும். நான் கேட்டால் நடக்கவில்லை. நீங்கள் அம்மாவிடம் பேசுவீர்களா?

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். நீங்கள் என் வீடியோக்களைப் பார்ப்பீர்களா? பார்க்காத ஒருத்தரிடம்தான் என்னால் இதையெல்லாம் எழுத முடியும்.

தயவுசெய்து பட்டாணி என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 2

அன்புள்ள கண்ணுக்கு,

பழைய பெயரை எழுதி அடித்ததற்கு அடையாளமாக மேலே ஒரு கறை இருக்கிறது, பொறுத்துக்கொள். உன் கடிதம் பத்திரமாக வந்தது. பல் டாக்டர்கள் கிறுக்கி அனுப்பும் சீட்டுகளைத் தினமும் படிக்கிறவள் என்பதால் உன் கையெழுத்திலிருந்து உயிரோடு தப்பித்தேன். உடம்பு சுகம். கழுத்துதான் சாயங்காலமானால் திரும்ப மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு இன்னும் குளிர்பதனக் கிடங்கில்தான் வேலையா? இருமல் எப்படி இருக்கிறது? உங்கள் சமையலறை ஜன்னலில் காலை வெயில் வருகிறதா?

எனக்கு அதே பல் கூடம்தான். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, பிறகு பீங்கானில் செய்து சூளையில் வைத்துத் திருப்பி அனுப்புவேன். ஊரில் பாதிப் பேருடைய வாய் எனக்கு அத்துப்படி. ஒருத்தர் முகம்கூடத் தெரியாது. பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால், "அட, இது நம்ம பல்லாச்சே" என்று தோன்றும். அவ்வளவுதான் அறிமுகம்.

பார்ப்பீர்களா என்று கேட்டிருக்கிறாய். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியில் பல்லைப் பார்க்கிறவளுக்கு அதற்கு மேல் எதைப் பார்க்கத் தெம்பு இருக்கும், சொல். நீ தாராளமாக எழுது.

அம்மாவிடம் பேசுவதைப் பற்றி: நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்கே தெரியும். ஏன் என்பதை இன்னொரு நாள் பார்க்கலாம். யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்று பெரியவர்கள் சொன்னால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று அர்த்தம். நான் நிஜமாகவே யோசிக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் சித்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சித்திக்கு,

கழுத்துக்கு வெந்நீர்ப் பை வைக்கவும். அப்பாவின் இருமல் அப்படியே இருக்கிறது. கேட்டால் "அதுவும் குடும்பத்துல ஒரு ஆள் மாதிரிதான்" என்கிறார். ஜன்னலில் வெயில் வருகிறது.

நீங்கள் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? என்னைப் பற்றி நானே சொல்லித் தெரிந்துகொள்ளப் போகிற முதல் ஆள் நீங்கள்தான். மற்ற எல்லோருக்கும் என்னைவிட என்னைப் பற்றி அதிகம் தெரியும். நேற்று லிஃப்டில் ஒரு அம்மா, "பட்டாணி, இப்பவும் வெளிச்சம் இல்லாம தூங்க மாட்டியா?" என்று கேட்டார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பதில் சொல்லாமல் நின்றால் திமிர் பிடித்தவள். சொன்னால் அடுத்த கேள்வி வரும். மூன்றாவது மாடியிலேயே இறங்கிப் படியேறினேன்.

அதனால் உங்களுக்கு மட்டும் ஒரு புதுச் செய்தி: எனக்கு வரைபடம் வரையப் பிடிக்கும். இல்லாத ஊர்களுக்கு வரைகிறேன். பஸ் வழித்தடமெல்லாம் போட்டு. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் "பட்டாணியின் புதுத் திறமை" என்று வந்துவிடும்.

அம்மாவிடம் போன வாரம் நேராகவே கேட்டேன். "அதெல்லாம் உன்னோட ஞாபகம்டி. பெரியவளானதும் எனக்கு நன்றி சொல்லுவ பாரு" என்றாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து கமெண்ட் படித்தாள். படிக்கும்போது அம்மாவின் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். யாரோ கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி. அந்த முகத்தைப் பார்த்தபிறகு என்னால் சண்டை போட முடிவதில்லை. அம்மாவை மோசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் வயதில் நீங்களும் இன்டர்நெட்டில் இருந்தீர்களா? அப்போது எப்படி இருந்தது?

இப்படிக்கு,
வரைபடக்காரி


மார்ச் 10

வரைபடக்காரிக்கு அன்பு முத்தங்கள்.

சுகம். வெந்நீர்ப் பை வாங்கிவிட்டேன். உன் இல்லாத ஊர்களில் ஒன்றில் எனக்கு ஒரு வீடு ஒதுக்கு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்.

என் பதினைந்து வயதில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அலமாரி கனம். இன்டர்நெட்டில் சேர வேண்டுமானால் டெலிபோன் வயரைப் பிடுங்கி அதில் சொருக வேண்டும். அது வழுக்குப்பாறையில் பாத்திரக்கடை சரிந்தது போல ஒரு சத்தம் போட்டு, மனசு வந்தால் சேரும். நடுவில் யாராவது ரிசீவரை எடுத்தால் எல்லாம் போச்சு. உன் தாத்தா ஒரு நாளைக்கு அரை மணி என்று விதித்திருந்தார். அந்த அரை மணிக்காக நாள் முழுக்கக் காத்திருப்போம்.

முகம் தெரியாதவர்கள் பேசிக்கொள்ளும் அரட்டை அறை ஒன்று இருந்தது. அதில் சேர எனக்கு ஆசை, பயமும்கூட. உன் அம்மாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன் பேரு, உன் மூஞ்சி, நம்ம வீட்டு விலாசம், இந்த மூணையும் எவனுக்கும் குடுக்கக் கூடாது. குடுத்தே, வயரைப் பிடுங்கிடுவேன்" என்றாள். எனக்கு ஒரு புனைபெயரையும் அவளே தட்டிக்கொடுத்தாள். என்ன பெயர் என்பதெல்லாம் இப்போது எதற்கு. பக்கத்தில் காவல்காரி மாதிரி தினமும் உட்கார்ந்திருப்பாள். நான் தட்டுவதைப் படித்துச் சிரிப்பாள். அந்த மூன்று விதிகளை ஒரு நாளும் தளர்த்தவில்லை.

அங்கே எனக்குக் 'கடல்குதிரை' என்று ஒரு சிநேகிதம். ஆணா பெண்ணா, பன்னிரண்டு வயதா ஐம்பதா, இன்று வரை தெரியாது. கணக்கில் தோற்றதை, அப்பா திட்டியதை, எல்லாவற்றையும் கடல்குதிரையிடம் சொன்னேன். பைத்தியக்காரத்தனமான நூறு கவிதைகளாவது எழுதியிருப்பேன். ஒரு நாள் அந்த அறையையே மூடிவிட்டார்கள். கடல்குதிரையும் கவிதைகளும் ஒரே நாளில் காலி. அன்று அழுதேன். இப்போது நினைத்தால் என்ன அதிர்ஷ்டம் என்று இருக்கிறது. என் பதினைந்து வயது எவர் கைக்கும் கிடைக்காது. அசடாக இருந்தேன், பிறகு வளர்ந்துவிட்டேன், சாட்சி கிடையாது. உனக்கும் அப்படி ஒன்று கிடைக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

இன்னொன்று. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடாதே. வலது பக்கத் தெத்துப்பல் ஒரு குறையே இல்லை. பக்கத்தில் இடம் இருக்கிறது, தானே இறங்கி வந்துவிடும். இது தொழில்காரியின் வாக்கு.

அப்பாவுக்கு இஞ்சித் தண்ணீர் கொடு.

உன் சித்தி


மார்ச் 24

சித்திக்கு,

நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. அந்தப் பல் அப்போது முளைக்கவே இல்லை.

நான் கையால் வாயை மூடுவது போன வருஷத்திலிருந்துதான்.

பார்க்காத ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று நினைத்து வரைபடத்தைப் பற்றியெல்லாம் எழுதினேன். நாலு லட்சத்தில் நீங்களும் ஒருத்தர். அதுவும் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று அளந்து சொல்கிற அளவுக்குப் பார்த்திருக்கிறீர்கள்.

கடைசியில் சுகம் விசாரிக்க வேண்டும். இந்த முறை விசாரிக்கவில்லை.


ஏப்ரல் 5

அன்புள்ள கண்ணுக்கு,

சுகம் விசாரிக்காததும் நியாயம்தான். நீ கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் வழுக்கினேன். அது பொய்தான். நீ பேச ஆரம்பித்த வாயை மூடிவிடுவாயோ என்று பயந்துவிட்டேன். பல்லைப் பார்த்தால் எனக்கு மூளை நின்றுவிடும், அதனால் மாட்டிக்கொண்டேன்.

எல்லா வீடியோவும் பார்த்திருக்கிறேன். ஒன்றுவிடாமல். நீ பிறந்தபோது எனக்கு இங்கே வேலையில் சேர்ந்து நாலு நாள். லீவு கிடையாது. "குழந்தையைப் பார்க்கணும்டி, எங்கயாவது ஏத்தி விடு, நான் பார்த்துக்கறேன்" என்று அக்காவிடம் அழுதேன். அவள் ஏற்றினாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், ஒரு கை மட்டும் போர்வைக்கு வெளியே. அதுதான் உங்கள் சேனலின் முதல் வீடியோ. ரொம்ப நாளைக்கு அதற்கு ஒரே பார்வையாளர்தான் இருந்தார். அரட்டை அறையில் உன் அம்மா எனக்கு வைத்த பெயரிலேயே போய்ப் பார்ப்பேன். 'ஜன்னலோரம்'. கம்ப்யூட்டர் ஜன்னலோரம் இருந்ததால் அந்தப் பெயர். வேண்டுமானால் கமெண்டுகளில் தேடிப் பார்.

ஆறு வருஷத்துக்கு முன் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ குளித்துவிட்டுத் துண்டோடு ஓடினாய், அக்கா கேமராவோடு பின்னால் ஓடினாள். "இதெல்லாம் எதுக்குக்கா ஊருக்குக் காட்டற?" என்றேன். "பெத்து வளர்த்துப் பாரு, அப்ப தெரியும்" என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேன்.

கிளம்பினேனே தவிர, பார்ப்பதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்று சண்டை போட்டவளே உட்கார்ந்து பார்த்தேன். உன்னைப் பார்க்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை, கண்ணு. இது காரணம்தான், நியாயம் இல்லை.

அக்காவுக்கு இன்றே எழுதுகிறேன்.

உன் சித்தி


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். நேற்றே எழுத உட்கார்ந்தேன், இந்த ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை.

உன் மகள் எனக்குக் கடிதம் போட்டாள். அவளைத் திட்டாதே. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, ஆறு வருஷத்து பாக்கி உன்னிடம் இருக்கும். அவளுக்கு வீடியோக்கள் வேண்டாம். ஜூனில் புது இடத்துக்கு யாரோ ஒரு பெண்ணாகப் போக ஆசைப்படுகிறாள். உனக்கும் எனக்கும் அந்த வயதில் அது இலவசமாகக் கிடைத்தது. நாம் கேட்கக்கூட இல்லை. நீ என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தாய். அந்த நாற்காலியை இப்போது அவள் பக்கத்தில் போடு அக்கா.

ஒவ்வொரு வீடியோவிலும் முதலில் நீ சமையலறைத் திரையை விலக்கி ஜன்னலைக் காட்டுகிறாய். அது ஸ்டைல் என்று மற்றவர்கள் எழுதுகிறார்கள். யாருக்காக விலக்குகிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் பார்த்துவிட்டேன் என்பதற்காக ஒரு வரி எழுதுவேன், நீ ஒரு இதயம் போடுவாய். சண்டை போட்டுக்கொண்டே நாம் இப்படிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நடுவில் அந்தக் குழந்தை வளர்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் எடுத்துவிடு. எனக்கும் வலிக்கும். அவளுடைய முதல் அடியை நான் அங்கேதான் பார்த்தேன். ஆனாலும் எடுத்துவிடு. ஜன்னலை மூடினால் நான் போய்விடுவேன் என்று நினைக்காதே, வாசல் வழியாக வருகிறேன். நீ வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன் தங்கை


மே 14

அன்புள்ள கண்ணுக்கு,

உன்னிடமிருந்தும் பதில் இல்லை, உன் அம்மாவிடமிருந்தும் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். பதில் கேட்டு எழுதவில்லை. நீ சுகமா, வெயிலுக்குத் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒரு மாதத்துக்கு மேலாக 'பட்டாணி வீடு' பக்கம் போகவில்லை. நீ சொல்லாமல் இனி உன்னைப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். சாயங்காலம் கை பரபரக்கிறது. போனை மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் பழைய பிளாஸ்டர் பற்களைத் துடைக்கிறேன். அவ்வளவு சுத்தமான பற்கள் இந்த ஊரிலேயே இல்லை.

உன் சித்தி


மே 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? உன்னை மாதிரி அழகா எழுத எனக்கு வராது, பேசற மாதிரியே எழுதறேன்.

உன் லெட்டர் வந்த அன்னைக்குக் கோவம்தான் வந்துச்சு. என் பொண்ணு என்னை விட்டுட்டு உன்கிட்டப் போய்ச் சொல்லியிருக்காளேன்னு. டப்பாவுல போட்டு மூடி வெச்சேன். தினமும் எடுத்துப் படிச்சேன்.

அவ பொறந்தப்ப நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. அவருக்கு ஷிஃப்ட். வீட்ல நானும் குழந்தையும் நாலு சுவரும். பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்ல. நீ ஏத்தி விடுன்னு சொன்ன. ஏத்தினேன். கீழ 'ஜன்னலோரம்'னு உன் பேரு வந்துச்சு பாரு, நீயே பக்கத்துல வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் கூட்டம் வந்துச்சு, பேரு வந்துச்சு, அதுல எனக்கு ஒரு போதையும் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அத்தனை கமெண்ட்லயும் நான் முதல்ல தேடறது உன்னோடதைத்தான். நாக்கு தடிச்சு உன்னை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதைத் திருப்பி எடுக்கத் தெரியாம ஆறு வருஷமா திரையை விலக்கி விலக்கிக் காட்டினேன். எல்லாத்தையும் அழிச்சுட்டா நீ எங்க வந்து என்னைப் பார்ப்பேன்னுதான் பயம். இதை அவகிட்ட எப்படிச் சொல்றது?

அவ பாவாடை நனைச்ச வீடியோ. ஆயிரம் பேர் சிரிச்சாங்க. நீ மட்டும் எழுதின, "கேமராவை அணைச்சுட்டுக் குழந்தையைத் தூக்கிக்கோ"ன்னு. உன்னோடதுல அது ஒண்ணுக்குத்தான் நான் இதயம் போடல. கோவத்துல இல்லடி. வெட்கத்துல.

நேத்து அவளைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சேன். நாற்காலியை நீ சொன்ன மாதிரியே போட்டேன். எல்லாத்தையும் ஒரு டிஸ்க்ல ஏத்தி அவ கையில குடுத்துட்டேன், இது உன்னோடது, நீ என்ன வேணா பண்ணிக்கோன்னு. அப்புறம் அவளே ஒவ்வொண்ணா அழிச்சா. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். முதல் வீடியோ வந்தப்ப, அந்தப் போர்வைக்கு வெளிய கை, அவ விரல் நின்னுடுச்சு. "இது சித்திக்காகத்தானே எடுத்த?"ன்னு கேட்டா. ஆமான்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு அழிச்சுட்டா.

வா. சொல்லிட்டேன்.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள சித்திக்கு,

சுகமா? கழுத்து திரும்புகிறதா? அப்பாவுக்கு இருமல் பாதி குறைந்துவிட்டது. இஞ்சித் தண்ணீரைக் குடிக்கும்போது அவர் காட்டும் முகத்தை வீடியோ எடுக்கலாம் என்று அம்மா கையை நீட்டினாள், அப்புறம் தானே சிரித்துக்கொண்டு கையை மடக்கிக்கொண்டாள்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். நீங்களும் அம்மாவும் பேசிக்கொள்ள முடியாமல் என்னை ஒருத்தருக்கொருத்தர் கடிதமாகப் போட்டுக்கொண்டீர்கள். வழியில் நாலு லட்சம் பேர் பிரித்துப் படித்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஜன்னலோரம் எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். மற்றவர்கள் எல்லோரும் பட்டாணியிடம் எதையாவது கேட்டார்கள், ஆடு, பாடு, சிரி என்று. நீங்கள் மட்டும் "தூக்கம் வருது போல, விட்டுடு" என்றே எழுதியிருக்கிறீர்கள். அதனால் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்திருக்கிறேன். முழுதாகத் தூக்கிப் போடவில்லை.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டேன். ஸ்டிக்கரை மட்டும் யாராலும் அழிக்க முடியாது, அது இன்னும் சுற்றுகிறது. போன வாரம் பக்கத்து இருக்கைக்காரி, உணவு டப்பாவை மறந்துவிட்டேன் என்று எனக்கே என் அழுகையை அனுப்பினாள். அவளுக்கு அது யார் என்று தெரியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் என் பிரெட்டில் பாதியைக் கொடுத்தேன். அவ்வளவுதான். யாரென்று சொல்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய வேண்டியது நான் என்பதே எனக்குப் புதிதாக இருக்கிறது. அவளும் வரைபடம் வரைவாள். மலைகள் எல்லாம் என்னைவிட நன்றாக வரும்.

இந்தப் பார்சலில் இரண்டு மெழுகுக் களிமண் வில்லைகள் இருக்கின்றன. கைவேலை வகுப்பில் தந்தது. ஒன்றை நான் கடித்தேன், ஒன்றை அம்மா கடித்தாள். அம்மா சிரித்துவிட்டதால் மூன்று தடவை கடிக்க வேண்டியிருந்தது. எது யாருடையது என்று எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். உங்களிடம் இருந்ததையெல்லாம் நான் அழித்துவிட்டேனே, அதனால்தான். இதை வேறு யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்று. இத்தனை வருஷம் நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் முகம் எனக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை. இது என்ன நியாயம்? வந்து என் எதிரில் நில்லுங்கள். டிஸ்க் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வந்தால், நான் தேர்ந்தெடுத்ததைக் காட்டுவேன்.

இப்போதெல்லாம் என்னைப் பட்டாணி என்று யாரும் கூப்பிடுவதில்லை. அம்மாகூட என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அதனால் அந்தப் பெயர் சும்மா கிடக்கிறது. வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்


ஜூலை 20

அன்புள்ள பட்டாணிக்கு,

முதல் வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கழுத்து திரும்புகிறது. உங்கள் வீடு இருக்கிற பக்கமாகவே திரும்பி நிற்கிறது.

வில்லைகள் நசுங்காமல் வந்தன. கூடத்தில் எல்லோரும் போனபிறகு இரண்டிலும் பிளாஸ்டர் ஊற்றினேன். சின்னது அம்மாவுடையது என்று நீ ஏமாற்றப் பார்த்திருக்கலாம், நடக்காது. முன்பல் நடுவில் இடைவெளி இருப்பது அக்கா. அதன் வழியாக விசில் அடித்துத்தான் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். ஓரத்தில் பல் வரிசை கொஞ்சம் கலைந்திருக்கிறது, பாதியில் சிரித்திருக்கிறாள்.

மற்றதை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். உன் தெத்துப்பல் இறங்கிவிட்டது, பட்டாணி. தினமும் கண்ணாடி பார்க்கிற உனக்குத் தெரிந்திருக்காது, கூடவே இருக்கிற அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. உன்னைப் பற்றிய செய்திகளில் இது ஒன்றுதான் இன்றைக்கு இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அக்காவிடம் ஸ்டேஷனுக்கு வரச் சொல், நீயும் கூட வா. என் முகம் ஞாபகமில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கவலைப்படாதே. கூட்டத்தில் அப்படியே நில். நான் கண்டுபிடித்துவிடுவேன்.

கையை மட்டும் வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரி.

உன் சித்தி